ஆட்டிசம் உள்ள குழந்தையும் ஊராரின் கடமையும்

நடவு முடிந்த மூன்றாம் வாரத்தில் நெற்பயிரின் இலை பழுப்புப் புள்ளி விழுந்து குன்றி நின்றால், குடியானவர் எவரும் வாளாவிருப்பதில்லை. நீர் மிகுந்துவிட்டதா, துத்தநாகச் சத்துக் குறைந்துவிட்டதா, பூச்சி விழுந்துவிட்டதா என்று வரப்பின்மேல் நின்று ஆராய்கிறார். வேளாண்மை அலுவலரைக் கேட்கிறார். நாள் தவறினால் பயன் இல்லை என்பதை அவர் நன்கு அறிவார்.

ஆனால் அதே வீட்டில் வளரும் குழந்தை, இரண்டு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? “அவன் தகப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்” என்று பாட்டி ஆறுதல் கூறுகிறாள். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். தாய் கருவுற்றிருந்தபோது ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று உறவினர் முணுமுணுக்கிறார்கள். இவ்வாறே மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளோ குழந்தையின் மூளை மிக விரைந்து வளரும் ஆண்டுகள். இழந்த அந்தப் பருவத்தைப் பின்னர் முழுமையாக ஈடு செய்தல் கடினம்.

ஆகவே ஆட்டிசம் என்பது யாது, அதனை எவ்வாறு அறிவது, பெற்றோரும் பஞ்சாயத்து அங்கத்தினரும் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை இங்கே காண்போம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று, பைத்தியமும் அன்று. குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே மூளை வளரும் முறையில் தோன்றும் ஒரு வேறுபாடு ஆகும். அரசாங்கப் படிவங்களில் இதனைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்று குறிப்பதுண்டு. பெயரைக் கேட்டு அக்குழந்தைக்கு உலகத்தின்மீது நாட்டமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. நாட்டம் உண்டு, அதனை வெளியிடும் வழிதான் வேறு.

இந்த வேறுபாடு இரண்டு துறைகளில் புலப்படும். முதலாவது, பிறருடன் பழகுதலும் கருத்தைப் பரிமாறிக்கொள்ளுதலும். இரண்டாவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாறுதலைப் பொறுக்காமை, ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல். இவ்விரண்டும் எல்லாக் குழந்தைகளிடத்தும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாழ்நாள் முழுதும் வாய் திறந்து பேசாதவரும் உண்டு. இளமையிலேயே தங்குதடையின்றிப் படித்து, ஆனால் தோழர் ஒருவருடன் கூடி விளையாட அறியாதவரும் உண்டு. அறிவு வளர்ச்சியும் சிலரிடம் குறைந்திருக்கும். சிலரிடம் சராசரிக்கு மேலும் இருக்கும்.

இலண்டனில் கேம்பர்வெல் என்னும் பகுதியிலுள்ள குழந்தைகளை ஆராய்ந்து லோர்னா விங், ஜூடித் கூல்டு என்னும் இருவரும் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகள், கடுமையானது முதல் இலேசானது வரை பல படிகள் இதில் உண்டு என்பதைத் தெளிவாக்கின. வானவில்லில் ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்த நிறம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாததுபோல் இதுவும் உள்ளது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013ஆம் ஆண்டு, அதுவரை வெவ்வேறு பெயரால் வழங்கியவற்றை ஒன்றாக்கி ஒரே பெயரிட்டது.

உலகில் 2021ஆம் ஆண்டில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இக்கணக்கை அப்படியே கொண்டால், நாலாயிரம் மக்கள் வாழும் ஓர் ஊராட்சியில் ஏறக்குறைய முப்பது பேர் இருத்தல் கூடும். “எங்கள் ஊரில் அத்தகையோர் எவரும் இல்லை” என்று கூறும் அங்கத்தினர், ஒரு முறை தம் ஊரின் தெருக்களை மனத்தில் எண்ணிப் பார்ப்பாராக. பேசாதவன் என்றும், முரடன் என்றும், மந்தபுத்தி என்றும் நாம் பெயரிட்டு ஒதுக்கிய சிலர் நினைவுக்கு வருவர்.

அடையாளங்கள்

தாய்மாரும் அங்கன்வாடிப் பணியாளரும் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்தல் நன்று.

ஒன்பது மாதக் குழந்தை தன் பெயரைக் கேட்டால் திரும்பும். முகம் பார்த்துச் சிரிக்கும். ஒரு வயதில் மழலை பேசும். கையசைத்து ‘டாட்டா’ காட்டும். தூக்கச் சொல்லிக் கைநீட்டும். ஒன்றரை வயதுக்குள் வானத்தில் பறக்கும் காக்கையை விரலால் சுட்டி, தாயும் அதனைப் பார்க்கிறாளா என்று அவள் முகத்தை நோக்கும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். இவை உரிய காலத்தில் தோன்றாவிடில் கவனிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை எந்த வயதிலேனும் பேச்சை இழந்துவிட்டால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. குழந்தை வண்டி பொம்மையை ஓட்டாமல் கவிழ்த்து வைத்து அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கும், ஒன்றைக் கலைத்தால் அலறும். கைகளைப் படபடவென்று அடித்துக்கொள்ளும், நுனிக்காலால் நடக்கும். தனக்கு வேண்டியதைக் கேளாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அப்பொருளின்மேல் வைக்கும். நாம் கூறியதையே கிளிப்பிள்ளைபோல் திருப்பிக் கூறும். குக்கர் ஒலிக்கோ மேளச் சத்தத்துக்கோ காதைப் பொத்திக்கொண்டு ஓடும். வெள்ளைச் சோற்றைத் தவிர வேறொன்றும் தொடாது.

இவற்றுள் ஒன்றிரண்டு இருப்பதனாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடலாகாது. காது கேளாக் குழந்தையும் அழைத்தால் திரும்பாது. ஆதலால் முதலில் செவிப் பரிசோதனை செய்தல் அவசியம். ஆண் குழந்தைகளிடம் இது மூன்று, நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. பெண் குழந்தையானால், அடக்கமானவள், கூச்சமுள்ளவள் என்று பாராட்டியே விட்டுவிடுகிறோம். அமைதியாக இருப்பதாலேயே ஒரு குழந்தைக்குக் குறையொன்றும் இல்லை என்று கொள்ளுதல் தவறு.

தாயின்மேல் பழி

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் புகழ்பெற்ற முதற் கட்டுரை. அதற்கு முன்னரே, 1925ஆம் ஆண்டில், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் இத்தகைய சிறுவரைப் பற்றி எழுதியிருந்தார். கானரின் கட்டுரைக்குப் பின்பு சில பத்தாண்டுகள், தாயின் அன்பு குறைந்தமையே காரணம் என்னும் தவறான கருத்து மேலைநாடுகளில் பரவியிருந்தது. எத்தனையோ தாய்மார் அப்பழியைச் சுமந்தனர். 1964ஆம் ஆண்டு பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர், தாமே இத்தகைய பிள்ளையின் தந்தையாயிருந்து, அக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். 1977ஆம் ஆண்டு சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, இதற்கு மரபுக் கூறுகளே பெருங்காரணம் என்று காட்டினர். இன்று நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் பங்கு கொள்வதாக அறிகிறோம். வளர்ப்பு முறையோ, தாய் வேலைக்குச் சென்றதோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ காரணம் அன்று.

தடுப்பூசியால் ஆட்டிசம் உண்டாகிறது என்னும் வதந்தியும் பொய்யே. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்து அவ்வச்சத்தைக் கிளப்பிய கட்டுரையை, அதனை வெளியிட்ட ‘லான்செட்’ பத்திரிகையே 2010ஆம் ஆண்டு திரும்பப் பெற்றது. எழுதியவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதி செய்தது. மாறாக, கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தைக்கு வரும் கேடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. ஆதலின் அத்தடுப்பூசி காப்பாற்றுவதேயன்றிக் கெடுப்பதன்று.

ஓர் உழவர் வீடு கற்பிக்கும் பாடம்

கானர் எழுதிய பதினொரு குழந்தைகளுள் முதல்வன் டொனால்ட் டிரிப்ளெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவன். அவன் வரலாறு நம் விவசாயப் பெருமக்கள் அறிய வேண்டியது.

மூன்று வயதில் அவனைப் பெற்றோர், மருத்துவர் சொற்படி, ஒரு விடுதியில் விட்டனர். அங்கே அவன் மேலும் ஒடுங்கிப்போனான். ஓராண்டுக்குப் பின் பெற்றோரே அவனை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தனர். 1942ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஓர் உழவர் தம்பதியரிடம் அவனை ஒப்படைத்தனர். 1945ஆம் ஆண்டு கானர் அப்பண்ணைக்குச் சென்று பார்த்து, அத்தம்பதியரின் அறிவுடைமையை வியந்து பின்னாளில் எழுதினார்.

சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம் இருந்தது. அவர்கள் அதனைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து கூறுமாறு பணித்தனர். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணுமாறு கூறினர். கானர் சென்ற அன்று அவன் ஆறு நீண்ட வரிசைகளை உழுது, குதிரையைத் தலைப்பில் திருப்பி ஓட்டிக் காட்டினான். அருகிலிருந்த கிராமப் பள்ளியும் அவன் விநோதங்களைப் பொறுத்து அவனை ஏற்றுக்கொண்டது.

பின்னாளில் அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் பல்லாண்டு வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே பல நாடுகளுக்குப் பயணம் சென்றார், 2023ஆம் ஆண்டு தம் 89ஆம் வயதில் காலமானார். அவருடைய குடும்பம் வசதி படைத்தது என்பது உண்மையே. ஆட்டிசம் உள்ளோர் யாவரும் அவரைப்போல் ஆகிவிடுவர் என்று கூறுதலும் பொய்யாகும். பலருக்கு வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படும். எனினும் அவ்வுழவர் தம்பதியர் செய்ததற்குப் பணம் தேவைப்படவில்லை. குழந்தையின் பழக்கத்தை அழிக்க முயலாமல் அதனை ஒரு வேலையோடு இணைத்தனர்; அவ்வளவே. நம் வீடுகளிலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல், முட்டைகளை எண்ணி அடுக்குதல், விதைகளைத் தரம் பிரித்தல், செடிகளுக்கு வாளியில் நீர் ஊற்றுதல் என்று ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் எத்தனையோ உள்ளன.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. வலிப்பு, தூக்கமின்மை, கடுஞ்சினம் போன்றவை உடன் இருந்தால் அவற்றுக்கு மருத்துவர் மருந்து தருவார். குருத்தணு ஊசி போட்டுக் குணமாக்குவதாகச் சொல்வோரை நம்பி நிலத்தை விற்றுவிடாதீர்கள். அச்சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டு அறிவித்துள்ளது. பயன் தருவது பயிற்சி ஒன்றே. பேச்சுப் பயிற்சியும், செயல்முறைப் பயிற்சியும், சிறப்புக் கல்வியும் அதில் அடங்கும். அவற்றின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெற வேண்டுவது.

குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து அமருங்கள். அது எதனைப் பார்க்கிறதோ அதனைப் பற்றியே ஓரிரு சொற்களில் பேசுங்கள். பேசிவிட்டு விடைக்காகப் பொறுத்திருங்கள். ஒரு பார்வையும், ஒரு சிறு ஒலியும் விடையே. ‘பழமா, பிஸ்கோத்தா?’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பேச்சு வராத குழந்தைக்குப் படங்களைச் சுட்டிக் கேட்கப் பழக்குங்கள்; இதனால் பேச்சு தடைப்படும் என்னும் அச்சம் வேண்டாம். எழுவதும் குளிப்பதும் உண்பதும் நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்கட்டும். மாறுதல் வருமாயின் முன்னரே சொல்லிக் காட்டுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்து அமைதிப்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடித்தல் எவ்வகையிலும் பயன் தராது. குழந்தை அலறுவது பிடிவாதத்தால் அன்று. தாங்கவொண்ணாத ஒலியாலோ, சொல்லவியலாத வலியாலோ இருக்கலாம்.

இப்பயிற்சியைப் பெற்றோருக்குக் கற்பிக்கப் பட்டணத்து நிபுணரே வர வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், நிபுணர் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பழக்கினர். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பழகும் திறன் வளர்ந்தது. குழந்தைகள் தாமாகவே பெற்றோரை நாடுவதும் மிகுந்தது.

எங்கே செல்வது?

2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். ஐயம் உள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகின்றனர். பெற்றோர் தாமாகவும் அங்கே செல்லலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடும் பயிற்சியும் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அது குறிப்பிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. நாற்பது கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு குறைபாட்டின் அளவைக் கணித்துச் சான்று வழங்குகின்றனர். குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளிக்குச் செல்ல இயலாத குழந்தைக்கு வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ‘நிராமயா’ காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. “எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?” என்பதே பெற்றோரின் தீராக் கவலை. பிள்ளை பதினெட்டு வயது நிறைந்த பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சித் தலைவரின் தலைமையில் அமைந்த உள்ளூர்க் குழுவுக்கு அதே சட்டம் அதிகாரம் அளித்துள்ளது.

கிணறும் சங்கிலியும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறுதல் பெரும்பாலும் காணப்படுவது. நீரைக் கண்டால் அவர்களுள் பலருக்கு அளவற்ற ஈர்ப்பு. ஆழம் அறியும் அச்சமோ இல்லை. நீரில் மூழ்குதல் இக்குழந்தைகளின் உயிருக்குப் பெரும் ஆபத்து என்று அயல்நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் கைவிடப்பட்ட கல்குழிகளும் நிறைந்த நம் ஊர்களில் இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இந்த அச்சத்தால்தான் சில பெற்றோர் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டுச் செல்கின்றனர். அவர்களைக் கொடியவர் என்று ஏசுவதில் பயனில்லை. கூலிக்குப் போகாவிடில் அடுப்பு எரியாது. ஆனால் கட்டு என்பது எவ்வளவு கொடிது என்பதற்கு, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் தப்பியோட வழியின்றித் தீயில் மாண்டது சான்றாக நிற்கிறது. கட்டுக்கு மாற்றாக ஊரார் ஏதேனும் ஏற்பாடு செய்தாலன்றி அத்தாய் கயிற்றை அவிழ்க்க இயலாது.

பஞ்சாயத்து அங்கத்தினருக்கு

ஊராட்சி செய்யக்கூடியவை பல. ஒன்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் விவரத்தை, பெற்றோரின் சம்மதத்துடன், அங்கன்வாடிப் பணியாளரைக் கொண்டு திரட்டி மருத்துவக் குழு வரும்போது காட்டுதல். இரண்டு, பொதுக் கிணறுகளுக்கும் கைவிடப்பட்ட குழிகளுக்கும் சுவரோ மூடியோ அமைத்தல். மூன்று, அடையாள அட்டைக்கும் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கப் பெற்றோருக்கு உதவி, மாவட்டத் தலைநகருக்கு அவர்கள் ஒருமித்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்தல். நான்கு, பள்ளி நிர்வாகம் இக்குழந்தையைச் சேர்க்கத் தயங்கினால் சட்டத்தை எடுத்துக்காட்டிப் பேசுதல். ஐந்து, கிராம சபையில் இதனைப் பற்றி ஒரு முறையேனும் வெளிப்படையாகப் பேசுதல்.

கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், எல்லாருடைய கண்களும் அதன் தாயின்மேல் பாய்கின்றன. அதற்கு அஞ்சியே அவள் வெளியே வருவதை நிறுத்திவிடுகிறாள். குழந்தையும் உள்ளேயே அடைபடுகிறது. ஊரார் அறிந்திருப்பாராயின், ஒருவர் ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைப்பார். ஒருவர் சாலையில் தனியே செல்லும் குழந்தையைக் கைப்பிடித்து வீடு சேர்ப்பார். ஓர் உபாத்தியாயர் வகுப்பில் ஓர் அமைதியான மூலையை ஒதுக்கித் தருவார்.

இம்மாதம் உங்கள் தெருவில், இரண்டு வயதாகியும் பேசாத குழந்தை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். உண்டெனில், அந்தத் தாயிடம் பழி கூறாமல், பயமுறுத்தாமல், எங்கே செல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். இயன்றால் உடன் செல்லுங்கள்.